பெட்டியின் மேல் பெயர், உள்ளே எண்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு முன்பிருந்தே மலேசியாவில் ஈப்போ பக்கத்து அலுவலகங்கள் பழைய மேசைக்கணினிகளைக் கழித்துக்கட்ட ஆரம்பித்திருந்தன. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகள் அந்தப் பட்டியலில் கிட்டத்தட்ட இல்லை. அவற்றில் எந்தக் கோளாறும் கிடையாது. ஐ5-6500 என்ற செயலியில் நான்கு கோர்கள் இருக்கின்றன. எட்டு ஜிபி நினைவகமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் படிவம் ஆறு வரைக்கும் ஒரு பிள்ளை அதில் படித்து முடிக்கலாம். அந்தக் கணினிகள்தான் இப்போது சில நூறு வெள்ளிக்கு எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்கின்றன.

தோட்டத்திலிருந்து தாமான் என்ற குடியிருப்புக்குக் குடிவந்த குடும்பங்கள், இன்னும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே லயன் வீட்டில் இருப்பவர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் சிலர் சனிக்கிழமை என் வீட்டு முன்கூடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கிறேன். போடுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வைஃபை வரவில்லை, சத்தம் வரவில்லை, திரை மங்கலாக இருக்கிறது, பிரிண்டர் பேசவில்லை என்று வருவதுதான் உண்மையான வேலை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் இந்த வேலையில் பாதிக்கு மேல் யார் உதவியும் தேவைப்படாது. கணினிக்கு பிராண்டின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிவது எண் மட்டும்தான்.

கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பிசிஐ பாதையில் இருக்கும் அட்டையோ யூஎஸ்பியில் செருகிய பொருளோ, ஒவ்வொன்றும் கணினியிடம் இரண்டு எண்களைச் சொல்லித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. முதல் எண் தயாரித்த நிறுவனம், இரண்டாவது எண் எந்தச் சாதனம் என்பது. இன்டெல்லின் எண் 8086. 1978இல் வெளிவந்த அவர்களுடைய செயலியின் பெயரையே பிசிஐ எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் 1002. ஒரு மனிதரை வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வேலையிடத்தில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அடையாள அட்டையின் ஐசி எண் ஒன்றுதானே, அது மாதிரி. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அந்த எண்ணைத் தன் பட்டியலில் தேடி, அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரைக் கூப்பிடுகிறது. பட்டியலில் எண் இல்லையென்றால் அந்தப் பொருள் பெரும்பாலும் அப்படியே சும்மா கிடக்கும். பெட்டியில் 'லினக்ஸில் இயங்கும்' என்று அச்சடித்திருந்தாலும் கிடக்கும்.

அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் வைஃபை கிடையாது. அலுவலகத்தில் லேன் கேபிள் ஓடும், வீட்டில் ஓடாது. அதனால் கணினி வாங்கிய கையோடு எல்லாரும் இணையக் கடையில் யூஎஸ்பியில் செருகும் ஒரு வைஃபை டாங்கிளும் வாங்குகிறார்கள், இருப்பதிலேயே மலிவானது. எங்கள் ஊரில் வரும் லினக்ஸ் புகார்களில் மிகப் பெரிய பங்கு இந்தக் கட்டைவிரல் அளவுப் பொருளால் வருவது.

நான்காம் படிவம் படிக்கும் ஒரு பையன் கொண்டுவந்ததைச் சொல்கிறேன். "அண்ணே, மாமா வீட்டு விண்டோஸ்ல செருகினா உடனே வேலை செய்யுது. இதுலதான் கண்டுக்கவே மாட்டேங்குது" என்றான். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். வந்த வரிசையில் 0பிடிஏ:1ஏ2பி என்று ஒன்று இருந்தது. 0பிடிஏ என்பது ரியல்டெக் நிறுவனத்தின் யூஎஸ்பி எண். ஆனால் 1ஏ2பி வைஃபை எண்ணே அல்ல. அந்த டாங்கிள் அப்போது தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இது பழுது அல்ல, திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. விண்டோஸ் டிரைவரைத் தனிச் சிடியில் கொடுக்க வேண்டாமென்று டாங்கிளுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். செருகியவுடன் அது சிடியாகத் தோன்றும். விண்டோஸ் அதிலிருந்து டிரைவரைப் போட்டுக்கொண்டு சிடியை வெளியே தள்ளும். தள்ளிய பிறகுதான் டாங்கிள் வைஃபையாக மாறும். லினக்ஸில் இந்த மாற்றத்தைச் செய்ய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் இருக்கிறது. பல சமயம் தானாகவே நடந்துவிடும். நடக்காவிட்டால் கோப்பு மேலாளரில் தெரியும் அந்தச் சிடியை வலது கிளிக் செய்து வெளியேற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பையன் வெளியேற்றினான். மறுபடி எல்எஸ்யூஎஸ்பி கொடுத்தபோது எண் 0பிடிஏ:சி811 என்று மாறியிருந்தது. ஆர்டிஎல்8811சியூ என்ற சில்லு. பெட்டியில் இந்தப் பெயர் எங்கேயும் இல்லை.

எண் வந்துவிட்டது, வைஃபை இன்னும் வரவில்லை. அடுத்துக் கேட்க வேண்டியது கெர்னலின் பதிப்பு. யூநேம் கட்டளையோடு ஆர் சேர்த்துக் கொடுத்தால் (uname -r) சொல்லிவிடும். அவன் வைத்திருந்தது மின்ட் 21, கெர்னல் 5.15. இந்தச் சில்லுக்கான டிரைவர் கெர்னலுக்குள் வந்து சேர்ந்தது 6.2இல். சிக்கல் அவ்வளவுதான். கணினியிலும் கோளாறு இல்லை, டாங்கிளிலும் இல்லை. டிரைவர் எழுதப்பட்ட காலத்துக்கு முந்தைய கெர்னல் அது.

இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூகிளில் தேடினால் கிடைக்கும் முதல் வழி, யாரோ ஒருவர் வெளியே வைத்திருக்கும் டிரைவர் மூலநிரலை இறக்கி, ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் மூலமாகக் கட்டிக்கொள்வது. இரண்டாவது வழி கெர்னலைப் புதுப்பிப்பது. வேறு வழியே இல்லாதபோதுதான் முதல் வழிக்குப் போக வேண்டும் என்பேன். லினக்ஸ் கெர்னலின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல, பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் என்றால், இடைமுகத்தை மாற்றுகிறவரே டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவரை யாராவது நேரம் கிடைக்கும்போது திருத்தினால்தான் உண்டு. அதுவரை, ஒரு நாள் கெர்னல் புதுப்பிக்கும்போது டிரைவர் கட்டப்படாமல் நின்றுவிடும். வைஃபை போய்விடும். சரிசெய்யும் நிரலை இறக்க அதே வைஃபைதான் வேண்டும். நகரத்தில் இருப்பவருக்கு இது ஒரு மாலை நேரத் தொந்தரவு. தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டில் நாளைக்கு ஒப்படைக்க வேண்டிய பாடம் நின்றுபோகும்.

கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பின் சிக்கலும் இதோடு ஒட்டிக்கொண்டு வரும். அது இயங்கும் நிலையில் இருந்தால் கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. சாவி நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு நிற்கும். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து சாவியைப் பதிவுசெய்யவா என்று கேட்கும். வேகமாக எதையோ தட்டிக் கடந்துபோய்விட்டால் டிரைவர் ஏறாது. வீட்டில் தம்பி தங்கை யாராவது கணினியைத் திறந்திருந்தால் அந்தத் திரை வந்துபோனதே தெரியாது.

பையனுக்கு இரண்டாவது வழியைக் காட்டினேன். மின்ட்டில் புதுப்பிப்பு மேலாளரைத் திறந்து, அதன் பட்டியலில் லினக்ஸ் கெர்னல்கள் என்ற இடத்துக்குப் போனால் 6.8 கிடைக்கிறது. பழைய கெர்னலை அழிக்க வேண்டாம், தொடக்கத் திரையில் அது காத்திருக்கும், புதியது ஒத்துவராவிட்டால் திரும்பிவிடலாம். மறுதொடக்கம் ஆனது, சிடியை வெளியேற்றினான், வைஃபை பட்டியல் வந்தது.

அந்தக் கெர்னலை எதை வைத்து இறக்கினோம் என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியைச் சார்ஜ் கேபிளில் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கேபிள் வழியே பகிரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் போதும். கணினிக்கு அது ஒரு லேன் அட்டையாகத் தெரியும். இதற்கான டிரைவர் கெர்னலில் நெடுங்காலமாக இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டியதில்லை. வைஃபை, லேன் இரண்டும் செத்துக் கிடக்கும் கணினிக்கும் இது உயிர் கொடுக்கும். ஃபைபர் இன்னும் எட்டாத வீடுகளில் எங்கள் பிள்ளைகள் தினமும் பயன்படுத்துவதே கைப்பேசி டேட்டாதான். லினக்ஸ் போடும் ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கேபிள் மட்டும் டேட்டா போகும் கேபிளாக இருக்க வேண்டும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் மலிவுக் கேபிள் சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் ஓடும்.

அப்புறம், எண்ணே தெரியாத நிலை ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்வது முக்கியம். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர். மருமகன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். "தம்பி, இதைப் போட்டதிலிருந்து நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப லேன் கேபிள் செருகினாலும் லைன் வரமாட்டேங்குது. திரும்ப விண்டோஸே போட்டுரலாமா?" என்று கேட்டார். எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஆங்கில எழுத்து 'என்' இரண்டு முறை, 'கே' ஒரு முறை சேர்த்துக் கொடுத்தால் (lspci -nnk), ஒவ்வொரு அட்டைக்கும் எண், இப்போது பிடித்திருக்கும் டிரைவர், கிடைக்கக்கூடிய டிரைவர் எல்லாம் வரும். மாமாவின் கணினியில் லேன் அட்டை என்ற வரியே இல்லை. இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயோஸ் அமைப்பில் லேன் இயங்கும் நிலையில்தான் இருந்தது.

பட்டியலில் எண்ணே வராவிட்டால் அது லினக்ஸ் விவகாரம் அல்ல. பயோஸில் அணைத்திருக்க வேண்டும், அல்லது சில்லு செத்திருக்க வேண்டும். "மாமா, போன வாரம் இடி விழுந்துச்சா?" என்று கேட்டேன். விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு ரவுட்டரும் அன்றைக்குத்தான் போனதாம். பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்தால் என்ன ஆகும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிவி பிளக்கைப் பிடுங்குகிற நாம் லேன் கேபிளையும் ரவுட்டருக்கு வரும் கம்பியையும் மறந்துவிடுகிறோம். மின்னல் அந்த வழியாகவும் வரும். விண்டோஸ் போட்டிருந்தாலும் அந்த லேன் வந்திருக்காது. பிசிஐ விரைவுப் பாதையில் செருகும் தனி லேன் அட்டை ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதைப் போட்டோம், எதையும் நிறுவாமலே வேலை செய்தது.

எண் தெரிகிறது, டிரைவரும் பிடித்திருக்கிறது, ஆனாலும் வேலை செய்யவில்லை என்றால் கெர்னலின் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். டிமெசேஜ் (dmesg) என்று வாயால் சொல்லும் கட்டளை அதைக் காட்டும். அதில் வரும் எதிர்ம எண்களைப் பலர் புரியாத குப்பை என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் குறிப்பேட்டிலேயே பிடித்தது அந்த எண்கள்தான். ஃபர்ம்வேரை ஏற்றும் இடத்தில் -2 என்று வந்தால், அந்தக் கோப்பு இல்லை என்று பொருள். வன்பொருளுக்குள் ஓட வேண்டிய சிறு நிரல்தான் ஃபர்ம்வேர், டிரைவர் அதைக் கோப்பிலிருந்து எடுத்து ஏற்றும். லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் பெரும்பாலும் தீரும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் இந்தக் கோப்புகள் அதிகாரபூர்வ நிறுவியிலேயே இருக்கின்றன. அதற்கு முன்பு தனியாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. யூஎஸ்பி வரியில் -71 வந்தால் தகவல் பரிமாற்ற விதி பிசகியிருக்கிறது. -110 என்றால் காத்திருந்து பதில் வரவில்லை. இந்த இரண்டையும் பார்த்தால் நான் டிரைவரைத் தேடப் போகமாட்டேன். முன்பக்க யூஎஸ்பியிலிருந்து கழற்றி, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்கத் துளையில் செருகச் சொல்வேன். பழைய கணினியின் முன்பக்கத் துளைக்கு உள்ளே ஒரு கேபிள் ஓடுகிறது. நம் ஊர் ஈரத்தில் அந்த இணைப்புகளில் துரு ஏறியிருக்கும்.

நினைவகத்தின் தங்க நிறத் தொடுமுனைகளுக்கும் இதே கதிதான். காரணம் சொல்ல முடியாமல் கணினி உறைந்தால், லினக்ஸ் வகையை மாற்றுவதற்கு முன்னால் நினைவகத்தைக் கழற்றித் துடைத்துப் போட்டு, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஓர் இரவு ஓடவிடுங்கள். அதன் 6ஆம் பதிப்பிலிருந்து, பயோஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினிகளிலும் ஓடுகிறது.

அலுவலகக் கணினிகளில் இன்னொன்று அடிக்கடி வரும். லினக்ஸ் நிறுவி வட்டே இல்லை என்று சொல்லும். பயோஸில் சேமிப்பகம், பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்டு முறையில் வைக்கப்பட்டிருக்கும். அதை ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றினால் வட்டு தெரியும். கணினியில் விண்டோஸை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சும்மா மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் தொடங்காமல் போகலாம். முதலில் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கும்படி அமைத்துவிட்டு, பிறகு பயோஸில் மாற்ற வேண்டும்.

சத்தம் சின்ன விஷயம். ஒலி அமைப்பில் எந்தச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள், எச்டிஎம்ஐ தேர்வாகியிருக்கும், திரையிலோ ஒலிபெருக்கியே இருக்காது. அது சரியாக இருந்தும் பின்பக்கத்தில் சத்தம் வரவில்லையென்றால் டெர்மினலில் ஓடும் ஒலி நிரலான அல்சாமிக்சரில் தானியங்கி ஒலியடைப்பு (Auto-Mute) என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். முன்பக்கத் துளை பழுதாகி, எப்போதும் ஹெட்ஃபோன் செருகியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கிராபிக்ஸ் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். கணினி வாங்கும்போதே பழைய என்விடியா அட்டை ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் மக்கள் சந்தோஷப்படுகிறார்கள். கெப்லர் என்ற பழைய தலைமுறை அட்டைகளுக்கு என்விடியாவின் சொந்த டிரைவரில் 470 வரிசைதான் கடைசி, அதற்குப் பிந்தைய வரிசைகளில் அவற்றுக்கு இடமில்லை. 2022இல் என்விடியா தன் கெர்னல் பகுதியைத் திறமூலமாக வெளியிட்டது, ஆனால் அது பிறகு வந்த ட்யூரிங் தலைமுறையிலிருந்துதான் பொருந்தும். பழைய அட்டைக்கு நுவோ என்ற திறமூல டிரைவர் இருக்கிறது. பாடம் படிக்கவும் காணொளி பார்க்கவும் போதும், ஆனால் எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி ஓடாது. திரை கறுப்பாகிவிட்டால் யாரோ நோமோட்செட் என்று தொடக்க வரியில் சேர்க்கச் சொல்வார்கள். அது உள்ளே நுழைந்து சரிசெய்வதற்கான தற்காலிக வழி. அதையே நிரந்தரமாக எழுதி வைத்துவிட்டுக் கணினி மெதுவாக இருக்கிறது என்று வருகிறார்கள். அந்த நிலையில் திரையில் தெரிவது அத்தனையையும் செயலிதான் வரைந்துகொண்டிருக்கும். ஐ5-6500இன் உள்ளேயே இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 530 இருக்கிறது, கெர்னலில் இருக்கும் டிரைவரே அதை நன்றாக ஓட்டும். விளையாட்டுக்காக இல்லையென்றால் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, திரையின் கேபிளை மதர்போர்டில் செருகுங்கள் என்றுதான் சொல்கிறேன். மின்சாரமும் குறையும்.

விசைப்பலகைக்கு டிரைவர் சிக்கல் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தமிழ் எழுத முடியாத கணினியை வேலை முடிந்த கணினி என்று நான் கொடுப்பதில்லை. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டிலிருந்து வந்த தமிழ்99 தளவமைப்பு லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலிலேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறைக்குப் பழகிய நம் ஆசிரியர்களுக்கு, லினக்ஸின் உள்ளீட்டு நிரலான ஐபஸ்ஸில் ஒலிப்பு முறை ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

டாங்கிள் இன்னும் வாங்கவில்லை என்றால் சில்லின் பெயரைப் போட்டு விற்பவரிடம் மட்டும் வாங்குங்கள். ஒரே மாடல் எண்ணில் முதல் பதிப்பு ஒரு சில்லு, மூன்றாம் பதிப்பு வேறு சில்லு என்று வருவது இந்தச் சந்தையில் சாதாரணம், பெட்டி மாறியிருக்காது. மீடியாடெக்கின் எம்டி7612யூ சில்லுக்கு 4.19 கெர்னலிலிருந்தே டிரைவர் உள்ளே இருக்கிறது. எம்டி7921ஏயூ என்றால் 5.18இலிருந்து. விலை சற்றுக் கூடும். கணினியைத் திறக்கப் பயமில்லையென்றால், இன்டெல் ஏஎக்ஸ்210 அட்டையைப் பிசிஐ விரைவுப் பாதைக்கான தாங்கியோடு வாங்கிப் போடுவது எல்லாவற்றையும் விட நல்லது. 5.10 முதல் கெர்னல் அதை அறியும், இரண்டு ஆன்டெனா வெளியே நிற்கும், லயன் வீட்டின் கடைசி அறை வரைக்கும் சிக்னல் பிடிக்கும். புளூடூத்துக்கு மட்டும் அந்தத் தாங்கியிலிருந்து மதர்போர்டின் யூஎஸ்பி ஊசிகளுக்கு ஒரு சின்ன கேபிள் செருக வேண்டும். பெட்டியில் அந்தக் கேபிள் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.